மலைக்கிராமத்துக்கும் வனக்காவல் முகாமுக்கும் இணையம் கொண்டுசெல்லும் முறை

நியாய விலைக் கடையின் கைரேகை இயந்திரம் இணையம் இருந்தால்தான் வேலை செய்கிறது. நூறு நாள் வேலைத் தளங்களில் தொழிலாளர்களின் வருகையைப் படத்துடன் செயலியில் ஏற்றும் முறை 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. அரசின் சேவைகள் ஒவ்வொன்றாகக் கைபேசிக்குள் நுழைந்துவிட்ட நிலையில், கைபேசி அலை எட்டாத மலைக்கிராம மக்கள் தமக்கு உரியதைப் பெறுவதற்கே பல கிலோமீட்டர் நடந்து, அலை கிடைக்கும் பாறையைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. புலிகள் காப்பகங்களின் உட்பகுதியில் உள்ள வேட்டைத் தடுப்பு முகாம்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் இத்தகைய ஓர் ஊருக்கோ முகாமுக்கோ இணைய இணைப்பை ஏற்படுத்த விரும்பும் தொண்டு அமைப்புகளுக்கும், ஊராட்சிகளுக்கும், ஆர்வமுள்ள பொறியாளர்களுக்கும் உதவும் வகையில் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலில் ஒரு கொள்கையைச் சொல்லிவிடுகிறேன். சாதனம் வாங்குவதும் கம்பம் நடுவதும் இப்பணியின் எளிய பகுதிகள். தொடர்ந்து பத்து நாள் மழை பெய்து பாதை துண்டிக்கப்பட்டிருக்கும்போது பழுது நேர்ந்தால், அந்த ஊரிலேயே வாழும் ஒருவர் கையில் இருக்கும் பொருளைக் கொண்டு சரிசெய்ய முடிகிறதா என்பதே அமைப்பின் உண்மையான தேர்வு. கீழே வரும் ஒவ்வொரு முடிவையும் இந்தக் கேள்வியை முன்வைத்தே எடுக்க வேண்டும்.

எங்கே, எதற்காக

காடு முழுவதும் அலை பரவ வேண்டும் என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே கைவிட வேண்டும். அதற்கான தேவையும் இல்லை. வனவிலங்குகளின் நலன் கருதினால் அது விரும்பத்தக்கதும் அன்று. பள்ளி, அங்கன்வாடி, நியாய விலைக் கடை, சுகாதார நிலையம், வனக்காவலர் முகாம் என இணையம் இன்றியமையாத நான்கைந்து கூரைகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் மிகவும் தேவைப்படும் ஒன்றில் தொடங்குவதே நல்லது. சுற்றுலாப் பயணிகளின் வசதிக்காக மலையேற்றப் பாதை நெடுக இணைப்புக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். விலங்கைப் பார்த்த இடமும் நேரமும் உடனுக்குடன் படத்தோடு வெளியாகும் சூழல் வேட்டைக்காரர்களுக்கே துணைபோகும்.

முகாமிலிருந்து குறுஞ்செய்தியும் இருப்பிடத் தகவலும் வந்தால் போதும் என்றால், இணையத்தையே தவிர்த்துவிட்டு லோரா எனப்படும் குறைதிறன் வானொலி முறையைக் கருதலாம். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை, வகுக்கப்பட்ட திறன் வரம்புக்குள், உரிமம் இல்லாமல் பயன்படுத்த முடியும். சிறிய பேட்டரியில் நெடுநாள் இயங்கும் இந்தக் கருவிகள் பல கிலோமீட்டர் தொலைவுக்கும் செய்தியைக் கொண்டுசேர்க்கும். ஆனால் படமோ குரலோ இதில் செல்லாது.

இணையத்தின் ஊற்று

தேவை உறுதியானதும், இணையம் கிடைக்கும் மிக அருகிலுள்ள இடத்தைத் தேட வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடியிழைக் கம்பியால் இணைக்கும் பாரத்நெட் பணியைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் மேற்கொண்டுவருகிறது. உங்கள் ஊராட்சியின் அலுவலகத்தில் அந்தக் கம்பி வந்து சேர்ந்து, உண்மையிலேயே இயங்கிக்கொண்டிருக்கிறதா என்பதை நேரில் சென்று பார்க்க வேண்டும். ஏட்டளவில் இருக்கும் இணைப்பை நம்பித் திட்டமிடக் கூடாது. அலைசேவையே எட்டாத 24,680 ஊர்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல 26,316 கோடி ரூபாய் செலவில் ஒன்றிய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பி.எஸ்.என்.எல். அலுவலகத்தில் கேட்டறிந்துகொண்டால் வீண் உழைப்பு மிச்சமாகும்.

கம்பி அருகில் இல்லை, ஆனால் ஊருக்கு மேலுள்ள பாறை முகட்டில் நின்றால் கைபேசியில் அலை கிடைக்கிறது என்றால், உங்கள் வேலை பாதி முடிந்தது என்றே கொள்ளலாம். வெளியே பொருத்தும் திசை ஆண்டெனாவுடன் கூடிய 4ஜி ரவுட்டரை அந்த முகட்டில் வைத்து, அங்கிருந்து ஊருக்கு வைஃபை மூலம் இறக்கிவிடலாம். கைபேசி அலையைப் பெருக்கி மீண்டும் ஒலிபரப்பும் பூஸ்டர் எனப்படும் கருவியைத் தனியார் வாங்கி மாட்டுவது இந்தியாவில் சட்டப்படி குற்றம் என்பதையும், அது அக்கம்பக்கத்துக் கோபுரங்களின் சேவையையே கெடுக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இந்த இரண்டும் இல்லாத ஆழ்ந்த பள்ளத்தாக்குகளுக்குச் செயற்கைக்கோள்தான் வழி. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக ஒரு செய்தி போய்த் திரும்ப அரை நொடிக்கும் கூடுதலாகும் என்பதால் பேச்சில் தடங்கல் தெரியும். ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் போன்றவற்றில் அந்தத் தாமதம் இல்லை. அந்நிறுவனத்துக்கு இந்தியாவில் 2025 ஜூனில் உரிமம் வழங்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செயற்கைக்கோள் கருவியை அனுமதியின்றிக் காட்டுக்குள் இயக்குவது கடும் சிக்கலில் மாட்டிவிடும்; அதை ஒருபோதும் செய்யாதீர்கள். இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். இத்தகைய இணைப்புக்கான தட்டு ஆண்டெனாக்கள் வழக்கமாக 50 வாட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்கும், தலைக்கு மேல் திறந்த வானத்தையும் கேட்கும். சோலைக்காட்டின் நடுவே அந்த இரண்டுமே அரிது.

அனுமதிகள்

இப்பகுதியைப் பலரும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதுவே திட்டங்கள் பாதியில் நிற்கக் காரணமாகிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 3(2)-ஆம் பிரிவு, காட்டில் வாழும் மக்களுக்காக அரசு நிர்வகிக்கும் 13 வகை வசதிகளுக்கு வனநிலத்தைப் பயன்படுத்த வழிசெய்கிறது. பள்ளி, சாலை, குடிநீர் ஆகியவற்றோடு மின்சாரத் தடங்களும் தொலைத்தொடர்புத் தடங்களும் மரபுசாரா எரிசக்தியும் அந்தப் பட்டியலில் உள்ளன. ஒவ்வொரு பணிக்கும் தேவைப்படும் நிலம் ஒரு எக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை இருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். ஒரு கம்பத்துக்கும் சோலார் தகட்டுக்கும் ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டியதில்லை. ஆகவே ஊராட்சியையோ அரசுத் துறை ஒன்றையோ உரிமையாளராகக் கொண்டு, முறையாகக் கிராம சபைத் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட வன அலுவலரிடம் விண்ணப்பிப்பதே நேரான வழி. புலிகள் காப்பகமோ சரணாலயமோ என்றால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கிடும் என்பதால், கள இயக்குநர் அலுவலகத்தில் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கண்காணிப்புக் கோபுரத்தின் மீதோ பள்ளிக் கூரையின் மீதோ ஆண்டெனாவைப் பொருத்த முடிந்தால், புதிதாக நிலமே தேவைப்படாது. நான் எப்போதும் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

அலைவரிசையைப் பொறுத்தவரை கவலை குறைவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 4 வாட் உமிழ்திறன் (ஆண்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து வெளியாகும் திறன்) வரை உரிமமின்றிப் பயன்படுத்த 2005-இல் வழி பிறந்தது. 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியும் வெளிப்புறப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆனால் இணையத்தைப் பிறருக்கு விற்பதற்கு உரிமம் வேண்டும். 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம்.-வாணி என்னும் பொது வைஃபை திட்டத்தின் கீழ்ப் பொதுத் தரவு அலுவலகமாக, அதாவது வைஃபை வழங்கும் இடமாகச் செயல்படும் சிறு கடைக்காரருக்கோ மகளிர் குழுவுக்கோ தனி உரிமமோ பதிவோ தேவையில்லை என்பதால், ஊர்ப் பயன்பாட்டுக்கு அதுவே பொருத்தமானது.

பார்வைக் கோடு

நீண்ட தொலைவு வைஃபை இணைப்புக்கு இரு முனைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டும். கூகுள் எர்த்தில் இரு புள்ளிகளுக்கு இடையே கோடு வரைந்து நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பது முதற்படி. அது மலையைக் காட்டுமே தவிர, மலைமீது நிற்கும் இருபது மீட்டர் மரத்தைச் சரியாகக் காட்டாது. ஆகவே தெளிந்த வானமுள்ள காலை வேளையில் இரு முனைகளுக்கும் ஆட்கள் சென்று, ஒருவர் முகம்பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் காட்ட, மற்றவர் தொலைநோக்கியில் அந்த மின்னலைத் தேட வேண்டும். மின்னல் தெரியாவிட்டால், வரைபடம் என்ன சொன்னாலும், அந்தப் பாதையை நம்ப வேண்டாம்.

மின்னல் தெரிந்தால் மட்டும் போதாது. வானொலி அலை, இரு முனைகளில் குறுகி நடுவில் பருத்த ஒரு வெளியை நிரப்பிக்கொண்டு செல்கிறது. இதை ஃபிரெனெல் மண்டலம் என்பார்கள். தொலைவைக் கிலோமீட்டரிலும் அலைவெண்ணைக் கிகாஹெர்ட்ஸிலும் எடுத்து, தொலைவை அலைவெண்ணால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 8.66-ஆல் பெருக்கினால் நடுப்பகுதியின் ஆரம் மீட்டரில் கிடைக்கும். 10 கிலோமீட்டர் தொலைவில் 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ 11.4 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 17.7 மீட்டர். இதில் குறைந்தது அறுபது விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும். எனவே 5.8-இல் நம் பார்வைக் கோட்டுக்குக் கீழே ஏறத்தாழ 7 மீட்டர் வெற்றிடமும், அதே தொலைவில் பூமியின் வளைவுக்காக இன்னும் ஒன்றரை மீட்டரும் தேவை. அதோடு மரங்கள் அடுத்த பத்தாண்டில் வளரப்போகும் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னாளில் இணைப்புக்காக மரத்தின் தலையை வெட்ட யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது.

மழை இணைப்பைக் கெடுக்கும் என்று பலர் அஞ்சுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் மழைத்துளியால் வரும் இழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று. நனைந்த இலைதான் பகை. கோடையில் ஒரு கிளையின் ஊடே எப்படியோ கிடைத்த இணைப்பு, ஆனி ஆடி மழையில் அறவே நின்றுவிடும். 24 அல்லது 60 கிகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு மழையே பெரும் தடை என்பதால், நெடுந்தொலைவுக்கு அவற்றை நாடாதிருப்பது நல்லது.

பாதை திறந்திருக்கிறது என்றால் அடுத்தது அலைத்திறன் கணக்கு. 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டருக்கு வெற்றிட இழப்பு ஏறத்தாழ 128 டெசிபல். 4 வாட் உமிழ்திறன், அதாவது 36 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபல் அளவு), என்று வைத்துக்கொண்டு, மறுமுனையில் 30 டெசிபல் பெருக்கமுள்ள டிஷ் ஆண்டெனாவைச் சேர்த்து, இணைப்புகளிலும் திசைப் பிசகிலும் 2 டெசிபல் கழிந்தால், கிடைக்கும் அலை -64 டிபிஎம் அளவில் இருக்கும். நீங்கள் விரும்பும் வேகத்துக்குச் சாதனம் கேட்பது -75 என்றால் 11 டெசிபல் உபரி நிற்கிறது. பத்துக்குக் குறைந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது இடையே ஒரு நிலையம் அமையுங்கள். வேகத்தைக் குறைப்பதே மேல். ஒவ்வோர் இடைநிலையமும் இன்னொரு பேட்டரி, இன்னொரு இடிதாங்கி, இன்னொரு மலையேற்றம்.

சாதனம்

சாதாரண வைஃபை, ஒரு வீட்டுக்குள் பலர் முறைவைத்துப் பேசுவதற்காக வடிவமைக்கப்பட்டது. அனுப்பிய ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் பதில் வருகிறதா என்று மிகச் சிறிது நேரமே காத்திருக்கும். பல கிலோமீட்டர் தொலைவில் அந்தப் பதில் வருவதற்குள் பொறுமை இழந்து திரும்ப அனுப்பும், வேகம் சரியும். தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களோடு இணைத்து, மருத்துவர் காணொளி வழியே நோயாளியைப் பார்க்கச் செய்த கலிஃபோர்னியா பல்கலைக்கழக பெர்க்லி ஆய்வுக் குழு, இந்தக் குறையை இரு முனைகளும் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையால் தீர்த்து, அதன் விவரத்தை 2007-இல் வெளியிட்டது. இன்று யுபிக்விட்டி, மைக்ரோடிக், கேம்பியம் போன்ற நிறுவனங்களின் வெளிப்புறச் சாதனங்களில் இத்தகைய நேரப்பங்கீடு உள்ளேயே அமைந்திருக்கிறது. சாதனத்தின் அமைப்புப் (செட்டிங்ஸ்) பக்கத்தில் அதை இயக்கி, தொலைவையும் சரியாகக் குறிப்பிட வேண்டும்.

டிஷ்ஷைத் திசைப்படுத்தும்போது அவசரம் கூடாது. 30 டெசிபல் டிஷ்ஷின் கற்றை ஏறத்தாழ ஐந்து பாகைதான் அகலம். ஒரு முனையை அசைக்காமல் நிறுத்தி, மறுமுனையை முதலில் கிடைமட்டமாகவும் பிறகு செங்குத்தாகவும் நகர்த்தி உச்சத்தைக் காண வேண்டும். முதலில் தென்படும் உச்சம் பக்கக் கற்றையாக, அதாவது முதன்மைக் கற்றைக்குப் பக்கத்தில் கசியும் வலுக்குறைந்த அலையாக, இருக்கக்கூடும். அளவீடு உங்கள் கணக்கிலிருந்து பத்து டெசிபலுக்கு மேல் குறைந்திருந்தால் நீங்கள் பக்கக் கற்றையில் நிற்கிறீர்கள் என்று கொண்டு, இன்னும் அகலமாகத் தேடுங்கள்.

மின்சாரம்

இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் இப்பகுதியை மறக்க வேண்டாம். அதே பெர்க்லி குழு, தேனி அமைப்பில் ஏற்பட்ட பழுதுகளை ஆராய்ந்து 2008-இல் எழுதியபோது, பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம் வானொலி (அலையை அனுப்பிப் பெறும் சாதனம்) அன்று, தரமற்ற மின்சாரம் என்று கண்டது. ஊர்ப்புறத்து மின்கம்பியில் 500 வோல்ட்டைத் தாண்டிய திடீர் எழுச்சிகளை அவர்கள் அளந்தார்கள். குறைமின்னழுத்தத்தில் ரவுட்டர்கள் அணையவும் செய்யாமல் இயங்கவும் செய்யாமல் உறைந்துபோயின. மலைமுகட்டில் அப்படி ஒன்று உறைந்தால், அதை அணைத்துப் போடுவதற்காகவே ஒருவர் ஏறிப்போக வேண்டும்.

முகட்டில் எட்டு வாட் எடுக்கும் இரு வானொலிகளும் ஒரு சிறு ஸ்விட்சும் சேர்ந்து 20 வாட் என்று கொண்டால், ஒரு நாளைக்கு 480 வாட்-மணி. கோடை வெயிலை வைத்துத் தகடு வாங்காதீர்கள். மழைக்காலத்தில் நாளொன்றுக்கு இரண்டரை மணி நேர முழுவெயிலுக்குச் சமமான ஒளியே கிடைக்கும் என்றும், வழியில் முப்பது விழுக்காடு வீணாகும் என்றும் வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 275 வாட் தகடு தேவைப்படும்; 330 வாட் வாங்குவது பாதுகாப்பு. வெயிலே முகம்காட்டாத நான்கு நாட்களைத் தாண்ட, 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இரண்டு வேண்டும். வால்பாறை, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையையும், கோத்தகிரி, கொடைக்கானலின் கிழக்குச் சரிவுகளில் வடகிழக்குப் பருவமழையையும் மோசமான காலமாகக் கொள்ள வேண்டும். சின்னக்கல்லார் போன்ற பெருமழை இடங்களில் நான்கு நாள் சேமிப்பும் போதாது. அங்கே ஆறேழு நாட்களுக்குத் திட்டமிடுங்கள். அவலாஞ்சி, மேல்பவானிப் பகுதிகளில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். இவ்வகைப் பேட்டரியைச் சுழியப் பாகைக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது நிலையாகக் கெட்டுவிடும் என்பதால், குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பாதுகாப்புச் சுற்று உள்ளதையே வாங்க வேண்டும்.

சார்ஜ் கன்ட்ரோலரில் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சாதனங்களை முழுமையாகத் துண்டித்து, 13 வோல்ட்டைத் தாண்டிய பின்னரே மீண்டும் இணைக்கும்படி அமையுங்கள். இந்த இடைவெளி இல்லையென்றால், பேட்டரி வற்றிய ஒவ்வொரு காலையிலும் சாதனம் நூறு முறை அணைந்து எரிந்து கெடும். இணைப்பு அற்றுப்போனால் வானொலியைத் தானே அணைத்துப் போடும் கண்காணிப்பு வசதியையும் இயக்கிவையுங்கள்.

யானை, குரங்கு, இடி

யானைத் தடத்தில் கம்பம் நடக் கூடாது. தடம் எது என்று ஊர்ப் பெரியவர்களுக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் தெரியும். அவர்கள் காட்டும் இடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். யானை ஏற முடியாத செங்குத்துப் பாறை சிறந்த இடம். சுற்றிலும் இழுவைக் கம்பி கட்டிய கோபுரத்தைத் தவிர்க்க வேண்டும். மூடுபனியில் பறவைகள் அக்கம்பியில் மோதிச் சாகும். கேபிளைக் குரங்குகள் இழுத்துக் கடிப்பதால், பெட்டியிலிருந்து ஆண்டெனா வரை ஜி.ஐ. குழாய்க்குள் கொண்டுசெல்லுங்கள். பெட்டியின் கேபிள் துளைகளை இறுக அடைக்காவிட்டால் எறும்பும் பல்லியும் குடியேறிச் சுற்றைக் குறுக்கிணைக்கும்.

பாறையில் எர்த் எடுப்பது கடினம். ஒரே குழிக்குப் பதிலாகச் செப்புப் பட்டையை மண் உள்ள சரிவு வரை நீட்டி, பல குழிகளை இணைத்து, தடை 10 ஓமுக்குக் கீழே வருகிறதா என்று அளந்து பாருங்கள். இடிதாங்கி, கம்பம், தகட்டுச் சட்டம், பெட்டி அனைத்தும் ஒரே எர்த்தில் சேர வேண்டும். கேபிளின் இரு முனையிலும் மின்னெழுச்சித் தடுப்பான் வேண்டும்.

ஊரில் பயன்பாடு

இங்கே பலரும் எதிர்பாராத ஒரு முடிச்சு உண்டு. பொது வைஃபையில் நுழையக் கைபேசிக்கு ஒருமுறைக் கடவெண் வர வேண்டும். அலையே இல்லாத ஊரில் அது எப்படி வரும்? அலை கிடைக்கும் இடத்துக்குப் போகும் நாளில் எல்லோரும் முன்பதிவு செய்துகொள்ளட்டும். நுழைந்த பிறகு, வைஃபை வழி அழைப்பை ஆதரிக்கும் நிறுவனத்தின் சிம்மும் அதற்கேற்ற கைபேசியும் இருந்தால், அழைப்பும் குறுஞ்செய்தியும் வைஃபை மூலமாகவே வந்துவிடும். ஊரில் எந்த நிறுவனத்தின் சிம் அதிகம் என்பதை முன்னரே கேட்டறிந்து, அதில் இவ்வசதி உண்டா என்று சோதித்துவிடுங்கள்.

பள்ளியில் ஒரு ராஸ்பெரி பை கணினியை வைத்து, தமிழ் விக்கிப்பீடியாவையும் பாடக் காணொளிகளையும் அதில் சேமித்துவைத்தால், வெளியிணைப்பு அறுந்த நாளிலும் பிள்ளைகளின் படிப்பு நிற்காது. நியாய விலைக் கடைக்கும் சுகாதார நிலையத்துக்கும் முன்னுரிமை கொடுத்து, காணொளி பார்ப்பவர்களுக்கு எஞ்சியதைப் பகிருங்கள். வனத்துறையின் தகவல்களை ஊர் வைஃபையிலிருந்து முற்றிலும் பிரித்து வையுங்கள். தானியங்கிக் கேமராக்களின் இருப்பிடம் கசிந்தால் அதன் விலையை விலங்குகள் கொடுக்கும்.

ஒப்படைப்பு

ஊரிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, கம்பம் நடும் நாளிலிருந்தே உடன் வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் தேவையில்லை, மின்மோட்டாரையோ டார்ச்சையோ பிரித்துப் பார்க்கும் ஆர்வம் இருந்தால் போதும். இருவருக்கும் மாதாந்திர ஊதியம் திட்டச் செலவிலேயே இடம்பெற வேண்டும். தன்னார்வத்தை நம்பி விடப்பட்ட அமைப்பு நெடுநாள் ஓடாது. முன்கூட்டியே அமைப்பு ஏற்றிய ஒரு வானொலி, ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், ஃப்யூஸ்கள், மின்னெழுச்சித் தடுப்பான்கள், கேபிள் முனைகள், முனை பொருத்தும் இடுக்கி, ஒரு மல்டிமீட்டர் ஆகியவற்றைப் பெட்டியில் போட்டு ஊரிலேயே வையுங்கள். நகரத்து அலுவலகத்தில் இருக்கும் உதிரி, பாதை அடைபட்ட நாளில் இல்லாததற்குச் சமம். ஒவ்வொரு கேபிளுக்கும் நிறப்பட்டை ஒட்டி, எந்த விளக்கு எரிந்தால் என்ன பொருள் என்பதைத் தமிழில் எழுதிப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட வேண்டும்.

கையெழுத்திடுவதற்கு முந்தைய நாள், எல்லா இணைப்புகளையும் கழற்றி, ஒரு வானொலியின் அமைப்பையும் அழித்துவிட்டு நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். அவ்விருவரும் உங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் உதிரிப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டி, நியாய விலைக் கடையின் இயந்திரம் ஒரு கைரேகையை ஏற்கும் வரை கொண்டுவந்த பிறகே ஒப்படைப்புப் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும்.